நிறுத்தத் தெரிந்தவரே தண்டல்

(அந்தமானின் அபர்டீன் பஜாரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மணிக்கூண்டுப் பக்கம் டீ குடிக்க நின்றால், யாராவது ஒரு தம்பி வந்து இதைக் கேட்பான்: "அண்ணே, ஃபூக்கெட்டுல பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் குடுக்கிறாங்களாமே, கூட ஆளே வர மாட்டாங்களாம். நமக்கும் குடுப்பாங்களா?" கேட்பவன் சும்மா கேட்கவில்லை. அவன் டிங்கி ஓட்டுபவன், அல்லது தீவுகளுக்கு இடையே போகும் படகில் வேலை பார்ப்பவன். கடல் அவனுக்குப் புதிதில்லை. வெளிநாட்டில் ஒரு படகை நம்பி அவன் கையில் கொடுப்பார்களா என்பதுதான் அவனுடைய சந்தேகம்.

கொடுப்பார்கள். அவனுக்குப் படகை நிறுத்தத் தெரியும் என்று அவர்கள் நம்பினால் கொடுப்பார்கள். ஓட்டத் தெரியும் என்பதற்கு அங்கே அவ்வளவு மரியாதை இல்லை. அது ஏன் என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

காகிதம் கேட்கும் மூவர்

படகு வாடகையில் மூன்று விதம் உண்டு. சமையல்காரர் முதல் மாலுமி வரை எல்லோரோடும் சேர்த்து எடுப்பது ஒன்று. ஸ்கிப்பரை மட்டும் கூட அழைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, தம்பி கேட்டது: ஆளில்லாமல் வெறும் படகை எடுப்பது. பேர்போட் சார்ட்டர் என்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் சனிக்கிழமை படகைக் கையில் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கம். இடைப்பட்ட நாளெல்லாம் அந்த நாற்பது அடிப் படகுக்கும் அதில் இருக்கும் ஆறேழு உயிர்களுக்கும் நீங்களே பொறுப்பு. தூத்துக்குடித் தோணியில் இப்படிப் பொறுப்பு ஏற்பவரைத் தண்டல் என்பார்கள். இன்று மாலை முழுக்க அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

தண்டலிடம் காகிதம் கேட்பவர்கள் மூன்று பேர். அந்த நாட்டு அரசு, படகின் சொந்தக்காரர், காப்பீட்டு நிறுவனம். மூவரும் ஒரே காகிதத்தைக் கேட்டாலும் மூவருடைய காரணமும் வேறு.

அரசுகள் ஒன்றுபோல் இல்லை. கிரீஸில் தண்டலின் சான்றிதழ் மட்டும் போதாது. படகு நடத்தத் தெரிந்த இன்னொருவரும் ஏறியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தண்டல் மயங்கி விழுந்தால் படகை யார் கரை சேர்ப்பது என்பது அவர்கள் கவலை. குரோவேஷியா, தான் ஏற்கும் சான்றிதழ்களுக்குப் பட்டியலே வைத்திருக்கிறது, வி.எச்.எஃப். வானொலிச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கிறது. பிரான்ஸ் நேர்மாறு. அங்கே இயந்திரப் படகுக்கு உரிமம் வேண்டும். கடலில் பாய்மரப் படகு செலுத்துவதற்குச் சட்டம் உரிமம் கேட்பதில்லை.

அரசு கேட்காத இடத்திலும் சொந்தக்காரர் கேட்பார். புதிதாக வாங்கினால் கோடிகளில் விலை போகும் பொருள் அது. கரீபியன் தீவுகளின் வாடகை நிறுவனங்கள் நெடுங்காலமாகச் சான்றிதழைவிட அனுபவப் பட்டியலைத்தான் உற்றுப் பார்த்துவந்திருக்கின்றன. எந்தக் கடலில், எவ்வளவு நீளமான படகில், எத்தனை நாள், தண்டலாகவா உதவியாளாகவா என்று கேட்பார்கள். படித்துப் பார்த்தும் திருப்தி இல்லையென்றால் தங்கள் ஆள் ஒருவரை முதல் நாள் உங்களோடு ஏற்றிவிடுவார்கள். அவர் சொன்னால்தான் அடுத்த நாள் படகு உங்களுடையது. அதற்கும் மேல் ஒரு பெரிய தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள்.

மூன்றாமவரை நாம் மறந்துவிடுகிறோம். ஒப்பந்தத்தில் சொன்ன தகுதி இல்லாமல் படகை எடுத்துப் பாறையில் ஏற்றினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். அப்போது முன்பணத்தோடு கணக்கு முடியாது. ஆகவே "அங்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால், ஒன்றும் நடக்காதவரை கேட்க மாட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளுங்கள்.

ஐ.சி.சி. என்ற சான்றிதழ்

ஐரோப்பியத் துறைமுகங்களில் பொதுவாகச் செல்லும் சான்றிதழ் இன்டர்நேஷனல் சர்டிபிகேட் ஆஃப் காம்பிடன்ஸ், சுருக்கமாக ஐ.சி.சி. ஜெனீவாவில் இருக்கும் ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1998இல் இதற்கென்று ஒரு தீர்மானத்தை ஏற்றது. 40ஆம் எண் தீர்மானம் என்று சொன்னால் படகுக்காரர்களுக்குப் புரியும். ஒரு நாட்டில் சோதித்துக் கொடுத்த தகுதியை இன்னொரு நாட்டுத் துறைமுகம் நம்பலாம் என்பதே அதன் சாரம். குறைந்த வயது 16. கடலோரம் வேறு, உள்நாட்டு நீர்வழி வேறு. பாய் வேறு, இயந்திரம் வேறு. ஐரோப்பாவின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் போக வேண்டுமென்றால் செவ்னி என்ற நீர்வழி விதித்தொகுப்பில் தனித் தேர்வு உண்டு.

தீர்மானத்தை ஏற்ற நாடுகள் தம் குடிமக்களுக்கும் தம் நாட்டில் வசிப்பவர்களுக்குமே இதைக் கொடுப்பதற்காக இந்த ஏற்பாடு உருவானது. இந்தியா அந்த ஐரோப்பிய ஆணையத்தில் இல்லை. அதனால் நம் ஊர் அலுவலகம் எதிலும் போய் விண்ணப்பம் கொடுத்து ஐ.சி.சி. வாங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு நடைமுறையில் உள்ள வழி, உலகம் அறிந்த ஒரு பயிற்சி முறையில் படித்து, அந்தச் சான்றிதழைக் காட்டுவது. பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.ஒய்.ஏ., நடத்தும் டே ஸ்கிப்பர் ஒன்று. அமெரிக்கன் செய்லிங் அசோசியேஷனின் 101, 103, 104 என்ற படிகள் இன்னொன்று. அதில் 104 என்பதே ஆளில்லாப் படகு வாடகைக்கான பாடம். ஐ.ஒய்.டி. எனப்படும் இன்டர்நேஷனல் யாட் டிரெயினிங் நிறுவனமும் இதற்கு ஈடான பாடம் வைத்திருக்கிறது. எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சான்றிதழை நான் போக இருக்கும் நாடு ஏற்கிறதா? என் குடியுரிமைக்கு ஐ.சி.சி. கிடைக்குமா? நான் எடுக்கப்போகும் படகின் நிறுவனம் இதை ஒப்புக்கொள்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆர்.ஒய்.ஏ. முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் பக்கத்துக் கடல்களில் அதுதான் அதிகம். முதல் படி காம்பிட்டன்ட் க்ரூ. ஐந்து நாள் படகிலேயே தங்கி, கயிறு, பாய், சுக்கான், சமையல், காவல் எல்லாம் கற்கிறீர்கள். அடுத்து டே ஸ்கிப்பர் பாடவகுப்பு: வரைபடம், திசைகாட்டி, ஓதக் கணக்கு, வானிலை, விதிகள். அதன்பின் டே ஸ்கிப்பர் செயல்முறை, மறுபடி ஐந்து நாள். இதில் சேரும் முன் 5 நாள் படகில் இருந்திருக்க வேண்டும், 100 கடல் மைல் போயிருக்க வேண்டும், அதில் 4 மணி நேரம் இரவாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வானொலிக்கான எஸ்.ஆர்.சி. சான்றிதழ் தனி, சின்னப் பாடம், சின்னத் தேர்வு.

டே ஸ்கிப்பர் சான்றிதழில் ஓதமுள்ள கடல், ஓதமில்லாக் கடல் என்று குறிப்பிட்டே தருவார்கள். மத்தியதரைக் கடலில் ஓதம் பெயரளவுக்குத்தான். அங்கே படித்தவருக்கு ஓதமில்லாக் கடல் என்று எழுதித் தருவார்கள். நமக்கோ ஏற்றமும் வற்றமும் பிறந்ததிலிருந்து பழக்கம். பெருவோதத்தின்போது இந்தத் துறைமுகத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. படகு எந்த நேரத்தில் கரையில் தட்டும், எந்த நேரத்தில் மிதக்கும் என்று ஜங்கிலிகாட்டில் நிற்கும் சிறுவனுக்கே தெரியும். அவனுக்குத் தெரிந்ததைக் கணக்காக எழுதிக் காட்டத் தெரியாது. பாடவகுப்பு கொடுப்பது அந்தக் கணக்கைத்தான்.

பிரேக் இல்லாத வண்டி

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும். பாய்மரப் படகில் அப்படி ஒரு பிரேக் இல்லை. எட்டுப் பத்து டன் எடை தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போகும். இயந்திரத்தை நிறுத்தினாலும் போகும். பாயை இறக்கினாலும் காற்று உடலைத் தள்ளும். காற்று நின்றாலும் நீரோட்டம் இழுக்கும். பாயை விரித்துக் காற்றோடு போவதை அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மீதி நாளெல்லாம் நிறுத்துவதற்கான பயிற்சி. ஐ.சி.சி. செயல்முறைத் தேர்வில் கேட்பதைப் பாருங்கள்: படகை மேடையிலிருந்து பிரித்தெடுத்தல், மீண்டும் கொண்டுவந்து அணைத்தல், மிதவையில் கட்டுதல், நீரில் விழுந்தவரை மீட்டல். பாதிக்கு மேல் நிறுத்துகிற வேலை.

மேடையில் அணைப்பதையே எடுத்துக்கொள்வோம். முதலில் காற்று எங்கிருந்து, நீரோட்டம் எங்கிருந்து, இரண்டில் எது வலுவானது என்று பார்க்க வேண்டும். வலுவானதை எதிர்கொண்டு மெதுவாக வர வேண்டும். அதுவே உங்களைத் தடுத்து நிறுத்தும். பின்பக்கமாக வாங்கிக்கொண்டு வந்தால் அதுவே உங்களைப் பக்கத்துப் படகின் மேல் ஏற்றும். கயிறுகள் முன்கூட்டியே தயார், இடைத்தடுப்பு மெத்தைகள் சரியான உயரத்தில், யார் முதலில் இறங்குவது என்பது முடிவாகியிருக்க வேண்டும். யாரும் குதிக்கக் கூடாது. வருகிற கோணம் சரியில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் விலகிப் போய்ச் சுற்றி வர வேண்டும். தேர்வில் அப்படி விலகிப் போனவரைத் தோற்கடிக்க மாட்டார்கள். பிடிவாதமாக உள்ளே வந்து இடித்தவர்தான் தோற்பார்.

இடைத்தடுப்பு மெத்தை ஒன்றைத் திடீரென்று கடலில் எறிந்து "ஆள் விழுந்துவிட்டார்" என்பார் தேர்வாளர். அந்த நொடியிலிருந்து தண்டலின் குரலைத்தான் அவர் கவனிக்கிறார். ஒருவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாரா? உயிர்மிதவையை எறியச் சொன்னாரா? படகைக் காற்றுக்குத் திருப்பி வேகத்தைக் கொன்றாரா? இயந்திரத்தைக் கிளப்பும் முன் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்த்தாரா? சுழலியில் கயிறு சிக்கினால் மீட்கப் போனவரே மீட்கப்பட வேண்டியவர் ஆகிவிடுவார். உண்மையில் ஆள் விழுந்தால் வி.எச்.எஃப். வானொலியில் ஆபத்து அழைப்புக்கான டி.எஸ்.சி. சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அது 70ஆம் அலைவரிசையில் போகும். பிறகு 16ஆம் அலைவரிசையில் மேடே என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசையில் பேச வேண்டும். பதற்றத்தில் வரிசை மாறாதிருக்கத்தான் அந்தச் சின்னத் தேர்வு.

நங்கூரம் தனிப் பாடம். நங்கூரத்தின் எடை படகைப் பிடிப்பதில்லை. அது மண்ணில் குத்தி நிற்பதும், சங்கிலி தரையோடு படுத்து இழுப்பதும்தான் பிடிக்கின்றன. பயிற்சியில் சொல்லும் அளவு: சங்கிலி என்றால் ஆழத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு, சங்கிலியோடு கயிறு என்றால் ஆறு மடங்கு. எந்த ஆழம் என்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வற்றத்தில் 5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் வந்து நிற்கிறீர்கள். 20 மீட்டர் சங்கிலி விட்டுத் தூங்கப் போகிறீர்கள். நடுராத்திரி ஏற்றம் 2 மீட்டர் கூடி ஆழம் 7 ஆகிறது. வேண்டியது 28 மீட்டர். சங்கிலி நிமிர்ந்து நங்கூரத்தைப் பிடுங்குகிறது. படகு சத்தமில்லாமல் நகர ஆரம்பிக்கிறது. காற்று திரும்பினால் படகு சங்கிலியின் நீளத்துக்கு வட்டமடிக்கும். அந்த வட்டத்துக்குள் பாறையோ வேறு படகோ இருக்கக் கூடாது. கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, கோடு கலைகிறதா என்று பார்ப்பது பழைய முறை; இன்றும் அதைவிட நம்பகமான முறை குறைவு.

நம் தீவுகளில் இதற்கு இன்னொரு விதியும் சேர்கிறது. பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிர்நிறத்தில் தெரிவது மணல், கரும்புள்ளியாகத் தெரிவது பவளம். சூரியன் உச்சியில் இருக்கும்போது நன்றாகத் தெரியும், சாயும்போது எல்லாம் ஒரே பளபளப்பு. ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் புது இடத்துக்குள் நுழையாதே என்பது பவளக் கடல்களில் தண்டல்கள் கைக்கொள்ளும் வழக்கம்.

கொஞ்சம் யோசித்தால், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரே கப்பல் நிற்க வசதியான இடம் என்பதால் உண்டான ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர் இந்தக் கரைகளை அளந்து, 1789இல் சாத்தம் தீவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1792இல் அதை வடக்கே கொண்டுபோனார்கள். நோய் தாக்கி 1796இல் கைவிட்டார்கள். 1858இல் ஆங்கிலேயர்கள் கைதிகளோடு திரும்பி வந்தபோது மறுபடி இந்த மூடிய துறைமுகத்தையே தேர்ந்தார்கள். அதன் பின்னால் வந்த வரலாறு கொடுமையானது. மறுவருடம் 1859 மே மாதத்தில் இதே அபர்டீனில் அந்தமானியர்கள் அம்போடு வந்து மோதினார்கள். போர்ட் பிளேர் என்ற ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருக்கிறது. பெயர் எதுவானாலும் எல்லாக் காற்றிலிருந்தும் மறைவு கொடுக்கும் துறைமுகம் மாறவில்லை.

நிறுத்துவதில் கடைசியும் கடினமுமானது, புறப்படாமலே நிற்பது. ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். வானம் சுத்தமாக நீலமாக இருக்கும். மேகம் ஒன்றும் எச்சரிக்காது. காற்று மட்டும் நாள் கணக்கில் அடிக்கும். வெள்ளிக்கிழமை அது பிடித்துக்கொள்கிறது, சனிக்கிழமை படகைத் திருப்பித் தர வேண்டும், ஞாயிறு விமானம். அப்போதுதான் தண்டல்கள் தப்பு செய்கிறார்கள். அதனால் கடைசி இரண்டு நாளைத் திரும்பும் துறைக்கு அருகிலேயே வைத்துத் திட்டமிடச் சொல்கிறார்கள். இங்கே ஸ்வராஜ் தீவுக்குப் போகும் ஃபெர்ரி வானிலையால் ரத்தானால் நாம் ஜெட்டியில் நின்று முணுமுணுக்கிறோம். ரத்து செய்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று அடுத்த முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப் படகுக்கு வழி

விதிகளைப் பற்றிக் கொஞ்சம். கடலில் மோதல் தவிர்க்கும் பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. பாய்மரப் படகுக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. 18ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. மீன்பிடிப்பில் இருக்கும் கலத்துக்குப் பாய்மரப் படகுதான் விலகிப் போக வேண்டும். வலை, நெடுந்தூண்டில், இழுவலை போன்றவற்றால் திரும்ப முடியாமல் இருக்கும் படகுக்கு இந்த மரியாதை. சும்மா தூண்டிலை இழுத்துக்கொண்டு சூரைக்குப் போகும் படகு இதில் சேராது. குறுகிய கால்வாயில் அதை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கிறது 9ஆம் விதி. இரண்டு பாய்மரங்கள் எதிர்ப்பட்டால், இடப்பக்கத்தில் காற்று வாங்குபவர் வலப்பக்கத்தில் வாங்குபவருக்கு விலக வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் என்றால் காற்றுக்கு மேலே இருப்பவர் விலக வேண்டும். இதை விரல் நுனியில் வைத்திருக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

காகிதம் இல்லாத பெருமையும் இன்றைய நிலையும்

"நம்ம பாட்டன் முப்பாட்டனெல்லாம் என்ன சர்டிபிகேட் வெச்சா கடல்ல போனாங்க?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற 89 அடிப் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அதன் பெயரை அவர் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறைத் தண்டல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் தோழர்களும் அதை அட்லாண்டிக் தாண்டி நடத்திப்போய், 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மீன்பிடிப்புக்கும் பாய்மரம் ஓட்டுவதற்கும் பேர்போன குளோஸ்டரில் தமிழ்த் தண்டல் கொண்டுவந்த கப்பல் நின்றது. இதைவிடப் பெரிய தகுதித் தேர்வு எது?

ஆனால் அந்த நம்பிக்கை நேரில் பார்த்து வந்தது. தம்பிப்பிள்ளையை வல்வெட்டித்துறைக்குத் தெரியும். விசாரித்தால் ஊரே சொல்லும். இன்று ஃபூக்கெட்டிலோ ஏதென்ஸிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு உங்களைத் தெரியாது. ஊர் சொல்லவேண்டியதைக் காகிதம் சொல்கிறது. அதற்கு மேல் அதற்கு மகிமை இல்லை. அதற்குக் கீழும் இல்லை.

சமகாலப் பெருமையும் நமக்கு உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குள் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் நடக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன நால்வரும் தமிழ்நாட்டுக்காரர்கள்: நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர். என்றாலும் போட்டிப் படகில் நங்கூரம் கிடையாது, இயந்திரம் கிடையாது, இரவில் நிற்க வேண்டிய தேவை கிடையாது. வேகமாகப் போகக் கற்பது ஒரு கலை. தண்டல் வேலை வேறு கலை. பதக்கம் வாங்கியவரும் வாடகைக்குப் படகு எடுக்கப் போனால் நங்கூரக் கணக்கைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டும் சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியைப் பாருங்கள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவுடன் இருவராக மட்டும் தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, ஃப்ரீமேன்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கு இடங்களில் நின்று, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார். கேப் ஹார்னைத் தாண்டியதை எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குமுன் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சியாக ஓடிய மைல்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எந்தத் துறையில் நிற்பது, எப்போது மறுபடி கிளம்புவது என்ற முடிவுகளுக்கு அந்த மைல்கள்தான் அடிப்படை.

இங்கிருந்து என்ன செய்யலாம்

தம்பிகளுக்கு இப்போது நேரடியாகப் பேசுகிறேன். சென்னை நமக்கு ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். ஃபூக்கெட்டோ ஏறத்தாழ 400 கடல் மைல், அதாவது 740 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவத்தில் அங்கிருந்து பாய்மரக்காரர்கள் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு நம் துறைமுகத்துக்கு வருகிறார்கள். 1987இலிருந்து கிங்ஸ் கப் படகுப் போட்டி நடத்தும் அந்த ஊருக்குப் படகு வாடகை ஒரு தொழில். நம்மிடம் மரினா பார்க் உண்டு. பாய்மரங்கள் கட்டிக்கொள்ளும் மரினா இல்லை. கடல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காசு குறைவாக முதலில் செய்யக்கூடியது இது. ஒரு நோட்டு வாங்கி இன்றிலிருந்து கடலில் போகும் ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள்: தேதி, படகு, நீளம், எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், காற்று, உங்கள் பொறுப்பு என்ன, கூட வந்தவர் கையெழுத்து. இயந்திரப் படகு நாட்களையும் எழுதுங்கள். பாய்மர நாட்களுக்கு அவை ஈடாகா என்றாலும், உங்களைக் கடல் அறிந்தவர் என்று காட்டும். இந்திய நிலஅளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் நம் துறைமுகம் இருக்கிறது; தினம் ஒரு கணக்குப் போட்டு ஜெட்டியில் போய்ச் சரிபாருங்கள். டேராடூன் தேசிய நீரியல் அலுவலகத்தின் வரைபடம் ஒன்றைப் பார்த்து ஆழம் வாசிக்கப் பழகுங்கள். நீந்தத் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புக்கும் படகோட்டத்துக்கும் பாடம் நடத்துகிறது. மும்பையிலும் ஃபூக்கெட்டிலும் பாய்மரப் பள்ளிகள் இருக்கின்றன. இவ்வளவும் செய்தபின் அங்கே பணம் கட்டினால் பணம் வீணாகாது. விமானம், விசா எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் செலவு. பாய்மரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதற்கே அதைச் செலவழிக்காதீர்கள்.

தொழிலாகவே எடுக்க நினைப்பவர்களுக்கு மேலே இன்னும் படிகள் உண்டு. யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 2,500 கடல் மைலும் 50 நாளும் கேட்கிறார்கள். தண்டலாக 5 நாளாவது இருந்திருக்க வேண்டும். 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து வேண்டும். அதன்மேல் வணிக ஒப்புதல் வாங்கினால் சம்பளத்துக்குப் படகு நடத்தலாம்.

இங்கே வரும் வெளிநாட்டுத் தண்டலுக்கும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை வானொலியில் அழைத்து, குடியேற்றத் துறையும் சுங்கத் துறையும் வரும்வரை நின்றுதான் ஆக வேண்டும். அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசி இந்தியாவில் குற்றம். வட சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. பழங்குடிக் காப்புப் பகுதிகளுக்கு 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் காவல். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்று சொல்ல இந்த ஊரில் படித்த தண்டல்கள் இருந்தால், வருபவர்களுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது, அந்த மக்களுக்கும் நல்லது. ஃபூக்கெட்டில் ஒரு வாரம் படகு எடுப்பதற்காகத் தொடங்கும் படிப்பு இங்கே வேலையாக மாறும் வழி இதுதான். முதல் தலைமுறைக்கு அது கஷ்டப்பட்டே வரும். அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஊரிலேயே ஆள் இருப்பார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை "கடலுக்குப் போறேன்" என்றால் பயப்படுகிறீர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையைக் கண்ட ஊர் இது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. படித்துப் போகிற பிள்ளை, போகக் கூடாத நாளில் போகாமலிருக்கக் கற்றுக்கொண்டு போகிறது. மகளுக்கும் அதே பாடம், அதே தேர்வு, அதே சான்றிதழ்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. எவ்வளவு செலவாகும் என்பதைக் கடைசியில் கேளுங்கள்; முதலில் நங்கூரத்தைப் பற்றி யாராவது கேளுங்கள்.